ஒரே கப்பல் கம்பெனியில் திரும்பத் திரும்பப் போனால் என்னதான் கிடைக்கும்?

வுட்லண்ட்ஸ் வாணி (சிங்கப்பூர்):

எல்லோருக்கும் வணக்கம். போன பள்ளி விடுமுறையில் மரினா பே துறையிலிருந்து ராயல் கரீபியன் கப்பலில் பினாங்கு, புக்கெட் போய் வந்தோம். நான், வீட்டுக்காரர், தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் மகன், எங்களோடு இருக்கும் மாமியார், மொத்தம் நான்கு பேர். எல்லோருக்குமே பிடித்துப் போய்விட்டது. கப்பலை விட்டு இறங்கும்போதே மாமியார் "அடுத்தது எப்போது?" என்று கேட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்தக் கம்பெனியில் திரும்பத் திரும்பப் போகிறவர்களுக்குப் பாயிண்ட் சேர்த்துச் சலுகை தரும் திட்டமான கிரவுன் அண்ட் ஆங்கர் சொசைட்டியில் நாங்கள் இப்போது கோல்ட் படி உறுப்பினர்களாம். அதிலிருந்து வீட்டுக்காரர், "இனிமேல் இதே கம்பெனிதான், டயமண்ட் வரைக்கும் போய்விடுவோம்" என்று நிற்கிறார். ஆனால் டிசம்பருக்கு வேறொரு கம்பெனியின் கப்பலில் நான்கு பேருக்கும் சேர்த்து நல்ல விலை குறைவாகக் கிடைக்கிறது. பாயிண்டுக்காக அதை விடுவதா?

அப்புறம் இரண்டு சந்தேகம். பையனுக்குத் தனியாகப் பாயிண்ட் சேருமா? நாங்கள் டயமண்ட் ஆனால் மாமியாருக்கும் அந்தச் சலுகை உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கால்வெஸ்டன் நாகராஜன் (ஹூஸ்டன்):

வாணி, முதலில் கணக்கு எப்படி ஓடுகிறது என்று சொல்லிவிடுகிறேன், பிறகு முடிவு எடுப்பது சுலபம்.

ராயல் கரீபியனில் ஓர் இரவுக்கு ஒரு பாயிண்ட். டிக்கெட்டுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பது கணக்கிலேயே வராது. கடைசி நேரத்தில் மலிவாகப் பிடித்த, ஜன்னல் இல்லாத உள்கேபினுக்கும் ஒன்றுதான், பால்கனிக்கும் ஒன்றுதான். சூட் எனப்படும் பெரிய அறைகளில், ஜூனியர் சூட்டும் அதற்கு மேற்பட்டதும் என்றால் இரவுக்கு இரண்டு. கேபினில் மூன்றாவது, நான்காவது ஆளாகப் படுப்பவருக்கும் அவரவர் பெயரில் பாயிண்ட் ஏறும். அதனால் பையனுக்கும் மாமியாருக்கும் தனித்தனியாக உறுப்பினர் எண் வாங்கி, புக்கிங்கில் சேர்த்துவிடுங்கள். இலவசம்தான்.

படிகள் இப்படி: 3 பாயிண்டில் கோல்ட், 30இல் பிளாட்டினம், 55இல் எமரால்டு, 80இல் டயமண்ட், 175இல் டயமண்ட் பிளஸ், 700இல் பினக்கிள். ஏறிய படியிலிருந்து இறக்க மாட்டார்கள். ஐந்து வருடம் கப்பல் பக்கமே போகாமல் இருந்துவிட்டு வந்தாலும் அதே படியில்தான் இருப்பீர்கள். விமானக் கம்பெனிகளில் வருடா வருடம் தகுதியைப் புதுப்பித்து அலுத்தவர்களுக்கு இந்த ஒன்று பெரிய நிம்மதி.

இப்போது பலன்கள். கோல்டிலிருந்து எமரால்டு வரை கிடைப்பதை நம்பி யாரும் கம்பெனியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். கேபினில் போட்டுக்கொள்ள ஓர் அங்கி, சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பின், பால்கனி கேபினுக்குக் கொஞ்சம் தள்ளுபடி, அவ்வளவுதான். விஷயம் தொடங்குவதே டயமண்டில். தினம் நான்கு பானங்கள் இலவசம். அறை அட்டையில் தானாகவே ஏறிவிடும். பாரில் அட்டையை நீட்டினால் போதும், ரசீதில் விலை அச்சாகி அதன் கீழேயே அது கழிக்கப்பட்டு, கொடுக்க வேண்டியது பூஜ்யம் என்று வரும். அன்றைக்குக் குடிக்காததை மறுநாளைக்குச் சேர்த்து வைக்க முடியாது. ஒரு பானத்துக்கு இவ்வளவு வரைதான் என்று விலை வரம்பும் உண்டு. மது குடிக்காதவர்கள் மாக்டெயில், காபி என்று வாங்கிக்கொள்ளலாம். டயமண்ட் பிளஸுக்கு ஐந்து, பினக்கிளுக்கு ஆறு. இதோடு டயமண்ட் லவுஞ்ச், ஒரு நாள் இணையம், கப்பல் ஏறும்போது முன்னுரிமை வரிசை. 700 தொட்டவர்களுக்கு ஓர் இலவசப் பயணம், 1050இல் இன்னொன்று, அதன் பிறகு ஒவ்வொரு 350க்கும் ஒன்று.

மாமியார் கேள்விக்கு வருகிறேன். ஒரே முகவரியில் இருக்கும் கணவன் மனைவி இருவரில் யாருக்கு உயர்ந்த படியோ அது மற்றவருக்கும் கிடைக்கும். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கும் அப்படியே, ஆனால் மது சம்பந்தப்பட்ட சலுகைகள் கிடையாது. மாமியாருக்குக் கிடையாது. ஒரே வீடு, ஒரே சமையல் என்றாலும் அவர்கள் கணக்கில் அவர் தனி ஆள். ஆகவே அவர் பெயரில் ஏறும் பாயிண்ட் அவருக்கு ரொம்ப முக்கியம். முதல் பயணத்திலிருந்தே அது விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

மாடம்பாக்கம் கணக்கர் (சென்னை):

நாகராஜன் சார் சொன்னதோடு நான் கொஞ்சம் எண் சேர்க்கிறேன். தணிக்கைத் தொழிலில் இருப்பவன், எண் இல்லாமல் பேச வராது.

வாணி குடும்பம் நான்கு இரவுப் பயணமாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 80 பாயிண்டுக்கு 20 பயணம். வருடத்துக்கு இரண்டு போனால் பத்து வருடம். இன்று 11 வயதுப் பையனுக்கு அப்போது 21. அதற்கு முன்பே அம்மா அப்பாவின் நிழலிலிருந்து வெளியே வந்து தன் சொந்தப் பாயிண்டில் நின்றுகொண்டிருப்பான்.

ஆளுக்கு ஓர் இரவுக்கு 100 அமெரிக்க டாலர் என்று குறைத்தே போட்டாலும் டயமண்டுக்குள் நுழைய ஒருவருக்கு 8,000 டாலர். நான்கு பேருக்கு 32,000. எட்டிய பிறகு கிடைப்பது என்ன? தினம் நான்கு, நான்கு நாளுக்கு 16 பானம். ஒன்று 12 டாலர் என்று வைத்தால் பயணத்துக்கு 192 டாலர். அதுவும் அந்த 16ஐயும் நீங்கள் எப்படியும் காசு கொடுத்து வாங்கியிருப்பீர்கள் என்றால்தான் அது 192. மாமியார் நாளுக்கு ஒரு காபியோடு நிறுத்துபவர் என்றால் அவருக்கு அந்தச் சலுகையின் மதிப்பு மொத்தப் பயணத்துக்கும் நான்கு காபி.

சூட் எடுத்தால் இரட்டைப் பாயிண்ட் என்பார்கள். ஜூனியர் சூட் பெரும்பாலும் உள்கேபினைப் போல இரண்டு மடங்கு விலை, சில நேரம் அதற்கும் மேல். இரண்டு மடங்கு கொடுத்து இரண்டு மடங்கு பாயிண்ட் வாங்குவதில் சேமிப்பு எங்கே இருக்கிறது? சூட் வசதி வேண்டும் என்று எடுங்கள், தாராளமாக எடுங்கள். பாயிண்டுக்காக எடுக்காதீர்கள்.

டிசம்பரில் வேறு கம்பெனியில் விலை குறைகிறது என்றால், அந்த வித்தியாசம் இன்றைக்கே உங்கள் கையில் நிற்கும் பணம். டயமண்ட் பத்து வருடம் தள்ளி இருக்கிற விஷயம், நடுவில் விதி மாறினால் கேட்க ஆள் இல்லை. என் ஓட்டு குறைந்த விலைக்கு.

---

ஸ்கார்பரோ சிவகாமி (டொரொண்டோ):

தம்பி சொன்ன கணக்கு சரிதான். ஆனால் எல்லோரும் நான்கு பேராகப் போகிற ஆட்கள் இல்லையே. நான் தனியப் போகிறவள். எனக்கு இந்தத் திட்டங்கள் உண்மையாகவே உதவியிருக்கின்றன, அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

தனியாகப் போகிறவர்கள் பெரும்பாலும் கேபினுக்கு இரண்டு பேரின் காசைக் கட்ட வேண்டும். அந்தக் காசை வாங்குகிறார்களே, பதிலுக்கு ராயல் கரீபியனில் இரவுக்கு ஒரு பாயிண்ட் கூடுதலாகத் தருவார்கள். ஆக, சாதாரண கேபினிலேயே இரவுக்கு இரண்டு. 340 பாயிண்ட் தாண்டினால் இன்னொரு நல்ல விஷயம்: இரண்டு ஆள் காசுக்குப் பதிலாக ஒன்றரை ஆள் காசு கட்டினால் போதும். ஏழு நாள், பத்து நாள் என்று போகும்போது அந்த அரை ஆள் காசு சின்னத் தொகை இல்லை. நான்கு பானத்தையும் லவுஞ்சையும் விட எனக்கு அதுதான் பெரிது. இதைப்பற்றி ஆட்கள் அதிகம் கதைப்பதில்லை.

பிரின்சஸ் கப்பல்களின் கேப்டன்ஸ் சர்க்கிள் வேறு மாதிரி. அங்கே பயண எண்ணிக்கை அல்லது நாள், இரண்டில் எது முதலில் வருகிறதோ அது. மேல்படியான எலைட்டுக்கு 15 பயணம் அல்லது 151 நாள். தனியப் போய் முழு கேபின் காசு கட்டினால் ஒரு பயணம் இரண்டாகக் கணக்காகும். மூன்று நாள் பயணமும் ஒரு பயணம்தான் என்பதால், சின்னச் சின்னதாகப் போகிறவர்கள் அங்கே விரைவாக ஏறிவிடலாம். எலைட் ஆனால் உடுப்புத் துவைப்பது இலவசம். காலையில் பையில் போட்டு வைத்தால் துவைத்து மடித்துக் கட்டிலில் வைத்திருப்பார்கள். பதினைந்து நாள் பயணத்துக்கு ஒரு சின்னப் பெட்டியோடு போய் வரலாம். முழங்கால் நோவோடு பெரிய பெட்டியை இழுக்கிற வயதில் அது என்ன பெறுமதி என்று என்னைக் கேளுங்கள்.

ஹாலண்ட் அமெரிக்கா இன்னும் பழைய முறைக் கம்பெனி. மரினர் சொசைட்டி என்று பெயர், ஐந்து நட்சத்திரம் வரை உண்டு. அங்கே 200 நாள் கணக்கில் நான்காம் நட்சத்திரம், அதில் துவைப்பு இலவசம். திரும்ப வந்தவர்களைக் கூப்பிட்டு ஒரு விருந்து வைப்பார்கள். நீலக் கோடுகளால் கப்பல் படம் போட்ட ஒரு சின்ன ஓடு தருவார்கள், ஒல்லாந்தர் ஓடு மாதிரி. கன நாள் கடலில் இருந்தவர்களுக்குக் கேப்டனே கழுத்தில் பதக்கம் போட்டுவிடுவார். அந்த ஓட்டுக்குச் சந்தையில் ஒரு விலையும் இல்லை. ஆனால் என் மேசைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வயதான சோடி, அதை இரண்டு கையாலும் வாங்கி, துணி நாப்கினில் சுற்றிக் கைப்பையில் வைத்ததைப் பார்த்தேன். கணக்குத் தம்பி, இதையும் ஒரு நிரலில் எழுதுங்கோ.

---

மாடம்பாக்கம் கணக்கர்:

அம்மா, எழுதிக்கொண்டேன். 340 பாயிண்ட் விஷயம் எனக்குப் புதிது. தனியாகப் போகிறவர்களுக்குக் கணக்கே மாறுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

---

டாலஸ் முரளி:

இங்கே ஒரு முக்கியமான விஷயத்தை யாரும் தொடவில்லை. இரவு எண்ணிக் கொடுக்கிற காலமே முடியப் போகிறதோ என்று தோன்றுகிறது.

கார்னிவல் கப்பல் கம்பெனி தன் தொடர் பயணிகளுக்கு வைத்திருந்த பழைய விஐஎஃப்பி திட்டத்தில் ஒரு நாளுக்கு ஒரு பாயிண்ட். 25இல் கோல்ட், 75இல் பிளாட்டினம், 200இல் டயமண்ட். மலிவான கேபினில் போய்ப் போய், வருடக்கணக்கில் சேர்த்து டயமண்ட் ஆனவர்கள் டெக்சாஸ், ஃப்ளோரிடாவில் ஏராளம். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், பள்ளி ஆசிரியர்கள், தபால் ஊழியர்கள். 2025 ஜூனில் கம்பெனி அறிவித்தது: 2026இலிருந்து எல்லாம் செலவுக் கணக்கு. செலவழிக்கும் ஒரு டாலருக்கு மூன்று நட்சத்திரம், புதிய திட்டத்தில் பாயிண்டுக்கு அதுதான் பெயர். கோல்டுக்கு 10,000, பிளாட்டினத்துக்கு 50,000, டயமண்டுக்கு 100,000. அதுவும் இரண்டு வருடத்துக்குள் சேர்க்க வேண்டும். 100,000 நட்சத்திரம் என்றால் 33,000 டாலருக்கு மேல் செலவு. கம்பெனியின் கிரெடிட் கார்டில் செய்யும் செலவும் சேரும் என்கிறார்கள். இரண்டு வருடம் முடிந்தால் மறுபடி தகுதி காட்ட வேண்டும். ஏற்கனவே டயமண்டில் இருப்பவர்களுக்குக் கூடுதல் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள், இருந்தாலும் வாழ்நாள் முழுக்க என்று நம்பி வந்தவர்களுக்கு அது ஆறுதலா?

விமானக் கம்பெனிகள் 2015இல் செய்ததுதான் இது. டெல்டா, யுனைடெட் இரண்டும் அந்த வருடம்தான் பறந்த தூரத்தை விட்டுவிட்டு டிக்கெட் விலைக்கு மைல் கொடுக்க ஆரம்பித்தன. அமெரிக்கன் 2016இல் பின்னாலேயே வந்தது. எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. இருபது வருடம் உங்களிடமே வந்த மனிதரை, ஒரே ஒரு முறை பெரிய சூட்டில் போனவருக்குக் கீழே நிறுத்துவது என்ன நியாயம்?

---

மாடம்பாக்கம் கணக்கர்:

முரளி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் கம்பெனி சொன்ன காரணத்தையும் பார்க்க வேண்டும். மேல்படியில் ஆட்கள் அளவுக்கு மிஞ்சிப் போய்விட்டார்கள். முன்னுரிமை வரிசையில் பாதிக் கப்பல் நின்றால் அது முன்னுரிமையா? உறுப்பினர்களுக்கான லவுஞ்சில் உட்கார இடமில்லை என்றால் அதைச் சலுகை என்று எப்படிச் சொல்வது? அதிகம் கொடுப்பவருக்கு அதிகம் என்பது வியாபாரத்தில் அநியாயம் ஆகாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானக் கம்பெனியின் மேல்படித் திட்டமான பிபிஎஸ் கிளப் ரொம்ப காலமாகவே செலவுக் கணக்குதான், அதைப் பற்றி யாரும் இப்படிப் பேசுவதில்லை.

---

கால்வெஸ்டன் நாகராஜன்:

கணக்கர் தம்பியோடு இந்த இடத்தில் நான் ஒத்துப்போக மாட்டேன்.

காலியான கேபின் ஒரு கப்பல் கம்பெனிக்குப் பெரிய நஷ்டம். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் எரிபொருளும் துறைமுகக் கட்டணமும் ஊழியர் சம்பளமும் அப்படியே இருக்கும். செப்டம்பரில் புயல் காலம், பள்ளி திறந்துவிட்டது, யாரும் வர மாட்டார்கள். ஜனவரியில் விடுமுறை முடிந்து எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள். அப்போது குறைந்த விலையில் வந்து கேபினை நிரப்பியது யார்? இந்த ஓய்வு பெற்றவர்கள்தான். அவர் கொடுத்த டிக்கெட் பணம் குறைவு, ஆனால் அவர் வராவிட்டால் அதுவும் வந்திருக்காது. இரவுக் கணக்கு அந்த உண்மையை மதித்தது. அதனால்தான் அது இத்தனை காலம் நின்றது.

இப்போது ஏன் மாறுகிறது? கப்பல்கள் நிறைந்து ஓடுகின்றன. கேபினுக்கு இரண்டு பேர் என்று வைத்துத்தான் இந்தத் தொழிலில் 100 சதவீதம் என்பார்கள். மூன்றாவது, நான்காவது படுக்கையும் நிரம்புவதால் பெரிய கம்பெனிகள் 100ஐத் தாண்டியே ஓடுகின்றன. நிரப்ப ஆள் தேட வேண்டியதில்லை என்று ஆனபின், வந்த ஆள் உள்ளே எவ்வளவு செலவழிக்கிறார் என்பதில்தான் அவர்கள் கண். மது, சூதாட்டம், ஸ்பா, கரையில் சுற்றுலா, இதெல்லாம் சேர்ந்து இந்தக் கம்பெனிகளின் வருமானத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. புதிய திட்டம் அந்தப் பங்கைப் பெரிதாக்கத்தான். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் நன்றி என்ற பெயரில் அதை விற்கக் கூடாது.

ராயல் கரீபியன் பயணிகள் எல்லோரும் அறிந்த சூப்பர் மாரியோ என்ற மரியோ சால்செடோவை எடுத்துக்கொள்ளுங்கள். கியூபாவில் பிறந்தவர், கப்பலின் மேல்தளத்தில் உட்கார்ந்தே முதலீட்டு ஆலோசனை வேலை பார்த்துக்கொண்டு, வருடத்தில் பெரும் பகுதியைக் கடலிலேயே கழிப்பவர். ஆயிரம் பயணத்துக்கு மேல் போனவர். அப்படி ஒருவரை ஒரு கம்பெனியோடு கட்டிப் போட்டது இரவை எண்ணிக் கொடுத்த திட்டம். டாலரை எண்ணும் திட்டத்தால் அப்படி ஒருவரை உருவாக்க முடியாது என்று நான் நம்புகிறேன்.

---

டாலஸ் முரளி:

நாகராஜன் அண்ணா, நான் சொல்ல நினைத்து வார்த்தை வராமல் நின்றதை அப்படியே எழுதிவிட்டீர்கள். நன்றி.

---

பினாங்கு பாலா:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். விதி மாறுவதைப் பற்றிப் பேசுகிறீர்கள், கம்பெனியே இல்லாமல் போனால்?

எங்கள் ஊர்ப் பக்கம் ஸ்டார் குரூஸஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். 1993இல் தொடங்கிய கம்பெனி. அவர்களின் சூப்பர்ஸ்டார் விர்கோ கப்பலில் போர்ட் கிள்ளானிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் போகாத நடுத்தரக் குடும்பமே இல்லை என்னும் அளவுக்கு ஒரு காலம் இருந்தது. கல்யாண நாள், பள்ளி விடுமுறை என்றால் விர்கோதான். பிறகு அதே குழுமத்தின் டிரீம் குரூஸஸ் வந்தது. பெருந்தொற்றில் கப்பல்கள் நின்றன, 2022 ஜனவரியில் தாய்க் கம்பெனியான கெந்திங் ஹாங்காங் கலைப்புக்குப் போனது. முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தவர்களே திண்டாடினார்கள். பாயிண்டைப் பற்றி யார் பேசுவது? உறுப்பினர் அட்டை கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நிற்காது.

கெந்திங் டிரீம் கப்பல் அதே 2022இல் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் குரூஸஸ் என்ற பெயரில் மறுபடி ஓட ஆரம்பித்தது. கட்டி முடிக்காமல் ஜெர்மனியில் கிடந்த அவர்களின் குளோபல் டிரீம் கப்பலை டிஸ்னி வாங்கிக்கொண்டது. அதுதான் சிங்கப்பூருக்கென்று வந்த டிஸ்னி அட்வென்ச்சர்.

வாணி அக்காவுக்கு இதில் ஒரு தகவல் இருக்கிறது. டிஸ்னியின் காஸ்ட்அவே கிளப்பில் இரவை எண்ண மாட்டார்கள், பயணத்தை எண்ணுவார்கள். ஒன்று முடித்தால் சில்வர், 5இல் கோல்ட், 10இல் பிளாட்டினம், 25இல் பெர்ல். சிங்கப்பூரிலிருந்து மூன்று, நான்கு இரவுப் பயணம் போகிறவர்களுக்கு அது சாதகம், ஏழு இரவு போனவருக்கும் உங்களுக்கும் ஒரே கணக்கு. ஆனால் டிக்கெட் விலை அதிகம். மேல்படிக்காரர்களுக்கு அங்கே பெரிய லாபம், புதிய பயணங்களையும் கப்பலுக்குள் நடக்கும் நிகழ்ச்சிகளையும் மற்றவர்களுக்கு முன்னால் பதிவு செய்ய முடிவது. சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அது பானத்தை விடப் பயன்படும்.

---

பங்கு பரணி (கோவை):

படி ஏறாமலேயே பழைய பயணியைப் போலச் சலுகை வாங்க ஒரு வழி உண்டு. ராயல் கரீபியன் பங்கு 100 கையில் இருந்தால் ஒவ்வொரு பயணத்துக்கும் கப்பலுக்குள் செலவழிக்கப் பணம் தருவார்கள். ஐந்து இரவு வரை 50 டாலர், ஆறிலிருந்து ஒன்பது வரை 100. நீண்ட பயணத்துக்கு இன்னும் அதிகம். கார்னிவல் குழுமத்திலும் 100 பங்குக்கு இதே மாதிரி உண்டு: ஆறு நாள் வரை 50, ஏழிலிருந்து பதின்மூன்று நாள் வரை 100, அதற்கு மேல் 250. பயணத்துக்கு முன்னால் பங்கு வைத்திருப்பதற்கான ஆதாரத்தை அனுப்ப வேண்டும். கார்னிவல் பங்கின் விலை ராயலை விடப் பல மடங்கு குறைவு.

இதற்காக மட்டும் பங்கு வாங்காதீர்கள். பங்கு இறங்கினால் 50 டாலர் எந்த மூலைக்கு? ஏற்கனவே வைத்திருப்பவர்கள் கேட்டு வாங்காமல் விடாதீர்கள், அவ்வளவுதான்.

---

டாலஸ் முரளி:

இன்னொரு எச்சரிக்கையும் எழுதிவிடுகிறேன், குடும்பத்தோடு போகிறவர்கள் படிக்கட்டும். கப்பலில் சூதாட்டக் கூடத்துக்குத் தனியாக ஒரு திட்டம் உண்டு. ராயல் கரீபியனில் கிளப் ராயல். ஏப்ரலிலிருந்து மார்ச்சுக்குள் 2,500 பாயிண்ட் சேர்த்தால் பிரைம் என்ற படி, வருடம் ஒரு இலவச உள்கேபின் பயணம். கேட்கும்போது இனிக்கும். ஸ்லாட் இயந்திரத்தில் 5 டாலர் ஓட்டினால் ஒரு பாயிண்ட். ஆக 12,500 டாலர் அந்த இயந்திரத்துக்குள் ஓடியிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் "இலவசப் பயணம் வரப் போகிறது" என்று சொல்லிக்கொண்டே ஒருவர் வீட்டுக் கடனுக்கு வைத்த பணத்தைக் கரைத்தார். அந்த டிக்கெட்டை இலவசம் என்று சொல்லாதீர்கள்.

---

வுட்லண்ட்ஸ் வாணி:

இவ்வளவு விவரம் வரும் என்று நினைக்கவே இல்லை. எல்லோருக்கும் நன்றி. கணக்கர் சார் எழுதியதை வீட்டுக்காரரிடம் காட்டினேன். பையனுக்கு 21 வயதாகும் என்ற இடத்தில் சிரித்துவிட்டார். டிசம்பருக்கு அந்த வேறு கம்பெனியையே பதிவு செய்யப் போகிறோம்.

ஆனால் சிவகாமி அம்மா சொன்னதும் மனதில் நிற்கிறது. மாமியாருக்கு அங்கீகாரம் என்றால் ரொம்பப் பிடிக்கும். கப்பல் ஊழியர் ஒருவர் அவர் பெயரைச் சொல்லிக் காலை வணக்கம் சொன்னதை இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதனால் ராயலை விட்டுவிடவும் மனம் இல்லை. விலை ஒத்துவரும்போது அதில் போவோம்.

ஒரு கேள்வி பாக்கி. போன முறை கப்பலில் ஒரு மேசையில் "அடுத்த பயணத்தை இங்கேயே பதிவு செய்யுங்கள்" என்று கூப்பிட்டார்கள். அது லாபமா?

---

ஸ்கார்பரோ சிவகாமி:

ஓம் பிள்ளை, அதைக் கட்டாயம் போய்ப் பாருங்கோ. நெக்ஸ்ட் குரூஸ் மேசை என்பார்கள். கப்பலில் இருக்கும்போதே அடுத்ததைப் பதிவு செய்தால், அந்த அடுத்த பயணத்தில் செலவழிக்கப் பணம் தருவார்கள், முன்பணமும் சில நேரம் குறைவு. கீழ்ப்படிகளில் கிடைப்பதை விட இது பெறுமதி. கோல்ட், டயமண்ட் என்று பார்க்க மாட்டார்கள், முதல் பயணக்காரருக்கும் உண்டு. முன்பணம் திரும்பக் கிடைக்கிற வகையா, கிடைக்காத வகையா என்று மட்டும் கையெழுத்துப் போட முன்னம் கேளுங்கோ. கடைசி நாள் அங்கே நீள வரிசை நிற்கும், இரண்டாம் நாளே போங்கோ.

மாமியாருக்கு என் அன்பைச் சொல்லுங்கோ. ஒருநாள் அவருக்கும் அந்த ஓடு கிடைக்கட்டும்.

---

பினாங்கு பாலா:

படி உயர்ந்தால் டிப்ஸ் குறையுமா?

---

கால்வெஸ்டன் நாகராஜன்:

குறையாது பாலா. நாளுக்கு இவ்வளவு என்று போடும் ஊழியர் டிப்ஸ் கோல்டுக்கும் பினக்கிளுக்கும் ஒன்றுதான். குறைக்கவும் கூடாது, அது கேபின் சுத்தம் செய்பவருக்கும் பரிமாறுபவருக்கும் போகும் பணம்.

வாணி, நீங்கள் பதிவு செய்வதற்கு முன்னால் நம்மவர்களுக்கு அடிக்கடி வரும் ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். நம் பாஸ்போர்ட்டில் பெயர் ஒரு மாதிரி நிற்காது. ஒருவருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கும், இன்னொருவருக்கு அந்த இடமே காலியாக இருக்கும், சிலருக்கு முதலெழுத்து மட்டும். ஒரு முகவர் ஒரு மாதிரி அடிப்பார், அடுத்த முறை இணையத்தில் நீங்கள் வேறு மாதிரி அடிப்பீர்கள். கம்பெனியின் கணினிக்கு அது இரண்டு ஆள். இரண்டு உறுப்பினர் எண் உருவாகி, பாயிண்ட் பாதி இங்கே, பாதி அங்கே நிற்கும். மாமியாருக்கு இது நடக்க வாய்ப்பு அதிகம், முதியவர்களின் பழைய பாஸ்போர்ட்டும் புதியதும் ஒத்துப்போவதில்லை.

அதனால் நால்வரின் எண்ணையும் இப்போதே எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புக்கிங்கிலும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி பெயரை அடித்து, அதே எண்ணைப் போடுங்கள். ஏற்கனவே இரண்டு எண் இருந்தால் உறுப்பினர் சேவைக்கு இரண்டு எண்களையும் பழைய புக்கிங் எண்களையும் எழுதி அனுப்புங்கள், ஒன்றாக்கிக் கொடுப்பார்கள். பயணம் முடிந்த பிறகு கணக்கைத் திறந்து இரவு எண்ணிக்கை சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் உடனே எழுதுங்கள். புக்கிங் உறுதி மின்னஞ்சலை அதுவரை அழிக்க வேண்டாம்.

---

வுட்லண்ட்ஸ் வாணி:

அண்ணா, இப்போதே பார்த்தேன். மாமியாருக்கு இரண்டு எண் இருக்கிறது. ஒன்றில் மாமனார் பெயர் முன்னால், இன்னொன்றில் பின்னால். பாயிண்ட் ஒன்றில்தான் ஏறியிருக்கிறது. இன்று இரவே எழுதி அனுப்பிவிடுகிறேன்.